சீனம் படிக்க ஆங்கிலத்தைச் சுற்றிப் போக வேண்டாம்

மண்ணடி, பாரிமுனைப் பக்கம் சரக்கு இறக்குமதி செய்கிறவர்களும், ராஜாஜி சாலையில் கஸ்டம்ஸ் வேலை பார்க்கிற பிள்ளைகளும், ராயபுரத்திலிருந்து கப்பலுக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்களும் சீன மொழியைத் தொடங்குகிற விதம் பெரும்பாலும் ஒன்றுதான். கைப்பேசியில் ஒரு செயலி, ஆங்கில எழுத்தில் சீனச் சொல், ஆங்கிலத்தில் பொருள். சில மாதங்களில் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாமல் படித்தவர்கள் பேசினாலும் எதிரில் நிற்கும் சீனருக்குப் புரிவதில்லை. தமிழ்க் காதுக்கும் நாக்குக்கும் ஏற்கெனவே பழகிய பல ஒலிகளை, அவை இல்லாத ஆங்கிலம் வழியாகப் படிப்பதுதான் இதற்குக் காரணம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. ஆங்கிலம் வேண்டும், கடிதத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் அது இல்லாமல் முடியாது. ஆனால் சீன உச்சரிப்பைக் கற்க அது நல்ல வாசல் இல்லை.

ஆங்கில எழுத்தில் சீனத்தை எழுதும் முறைக்குப் பின்யின் என்று பெயர். 1958-இல் சீன அரசு ஏற்றுக்கொண்டது. எழுத்துதான் ரோமன், ஒலி சீனத்துடையது. 'கியூ' எழுத்து அங்கே காற்றோடு வரும் 'ச்ஹ'. 'எக்ஸ்' எழுத்து ஸகரத்துக்கும் ஷகரத்துக்கும் நடுவே, நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் வைத்துச் சொல்லும் ஒலி. 'சி' எழுத்து ககரம் இல்லை, காற்றோடு வரும் 'ட்ஸ'. இது தெரியாமல் படிப்பவர் ஊர்ப் பெயரிலேயே தடுக்கி விழுவார்.

பெரிய சிக்கல், தமிழில் 'பி' என்றே எழுதும் b, p எழுத்து இரண்டிலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒன்று பந்துக்கான ball சொல்லின் முதல் ஒலி, இன்னொன்று பேனாவுக்கான pen சொல்லின் முதல் ஒலி. ஒன்றில் குரல் அதிரும், மற்றதில் அதிராது. சீனத்தில் இரண்டிலும் குரல் அதிராது. வித்தியாசம் வாயிலிருந்து வெளியே வரும் காற்றில் மட்டுமே. முதல் 'பி' நம் 'படம்' என்ற சொல்லின் முதல் பகரம், அச்சு அசலாக. இரண்டாவது, அதே பகரத்தோடு ஒரு ஊது காற்று: 'ப்ஹ'. நாம் பேசும் ஆங்கிலத்தில் பேனாவைக் காற்று இல்லாமல்தான் சொல்கிறோம். அதே பழக்கத்தில் பின்யினைப் படித்தால் சீனர் காதில் இரண்டும் ஒன்றாகவே விழும். 'பாவ் ல' என்றால் வயிறு நிறைந்துவிட்டது. 'ப்ஹாவ் ல' என்றால் ஓடிவிட்டான். 'தூட்ஸு' வயிறு, 'த்ஹூட்ஸு' முயல். தகரம், ககரம், சகரம் எல்லாவற்றிலும் இதே இரட்டை உண்டு.

சோதித்துப் பார்ப்பது எளிது. மெல்லிய டிஷ்யூ காகிதத்தை இரண்டு விரல் அகலமாகக் கிழித்து உதட்டுக்கு முன்னால் நாலு விரல் தள்ளித் தொங்கவிடுங்கள். 'பா' சொன்னால் காகிதம் அசையக் கூடாது, 'ப்ஹா' சொன்னால் பறக்க வேண்டும். மண்ணடியில் உருது பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சௌகார்பேட்டையில் இந்தி புழங்கியவர்களுக்கும் இது உடனே வந்துவிடும். தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் தினமும் பத்து நிமிடம் காகிதத்தோடு பழகினால் காற்று தானாக வரத் தொடங்கும். நோட்டில் எழுதும்போது காற்றுள்ள ஒலிக்கெல்லாம் பக்கத்தில் 'ஹ' போட்டுவிடுங்கள்.

அடுத்தது ழகரம். பின்யினில் 'ஆர்' எழுத்தைப் பார்த்ததும் ரகரம் என்று நினைத்துவிடுகிறோம். பெய்ஜிங் பேச்சில் அது ஏறக்குறைய நம் ழகரமே. மனிதன் என்பதற்கு 'ழன்', சூட்டுக்கு 'ழு', இறைச்சிக்கு 'ழோவ்', இரண்டு என்பதற்கு 'அழ்'. மற்ற நாட்டுக்காரர்கள் திணறுகிற இந்த ஒலி நம் நெடுங்கணக்கிலேயே இருக்கிறது. வடசென்னைப் பேச்சில் 'வாயப்பயம்', 'மய' என்று ழகரம் யகரமாகிவிடும். அது ஊர்ப் பேச்சு, அதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் சீனம் பேச 'வாழைப்பழம்' சொல்லும் நாக்கு வேண்டும். நாக்கு நுனியை மேலே மடக்கி, அண்ணத்தைத் தொடாமல் நிறுத்திப் பழகுங்கள். தமிழ் உச்சரிப்பும் கூடவே சரியாகும்.

குற்றியலுகரமும் இங்கே கைகொடுக்கிறது. 'காடு', 'அது' என்று முடிக்கும்போது உதடு குவியாமல் பாதியாக ஒலிக்கும் அந்த உகரத்தை வாயைக் கொஞ்சம் கூடத் திறந்து சொன்னால், பின்யினில் தனியாக வரும் 'ஈ' (e) எழுத்துக்கு நெருக்கமாகிவிடும். 'கோலா' பானத்தைச் சீனர்கள் 'க்ஹுலு' என்கிறார்கள், இரண்டு உகரமும் உதடு குவியாதவை. நாலு என்ற எண்ணைப் பின்யினில் பார்த்தால் 'ஸி' என்று படிக்கத் தோன்றும். அது 'ஸு', அதுவும் உதடு குவியாத உகரம். 'ஸி' என்று சொன்னால் அது வேறு சொல்லாகிவிடும். ஙகரத்துக்கும் பயிற்சி தேவையில்லை. 'அங்கே' சொல்லத் தொடங்கி 'கே'க்கு முன்னால் நிறுத்தினால் அதுதான். னகரத்தில் முடியும் சொல்லும் ஙகரத்தில் முடியும் சொல்லும் அங்கே வெவ்வேறு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

தமிழில் அறவே இல்லாதது ஒன்று: தொனி. ஒரே அசையை நாலு விதமாகச் சொன்னால் நாலு சொல். முதல் தொனி, மேல் ஸ்தாயியில் ஸ்வரம் பிடித்து நிறுத்துவதுபோல் உயர்ந்து சமமாக நிற்கும். இரண்டாவது, யாரோ கூப்பிட்டது சரியாகக் காதில் விழாதபோது 'ஆ?' என்று கேட்போமே, அந்த ஏற்றம். நாலாவது, பிள்ளையை அதட்டி 'போ!' என்பதுபோல் மேலிருந்து சட்டென்று விழும். மூன்றாவதைப் பாடப் புத்தகங்கள் இறங்கி ஏறுவதாக வரைந்து காட்டும். தொடர்ந்து பேசும்போது அது பெரும்பாலும் ஏறுவதே இல்லை, அடித்தொண்டையில் தாழ்ந்து கிடக்கும். அதை இறக்கி ஏற்றிப் பேசுபவர் பேச்சு இழுபட்டு நிற்கும். நோட்டில் ஒவ்வொரு அசைக்கும் பின்னால் 1, 2, 3, 4 என்று எண் போடுவதே போதும்.

தொனி வேலையையே கெடுக்கும் இடங்கள் உண்டு. 'மாய்3' என்றால் வாங்குவது, 'மாய்4' என்றால் விற்பது. கொள்முதலுக்குப் போனவர் இதில் பிசகினால் பேச்சே தலைகீழாகும். நாம் தவறுகிற இடம் பெரும்பாலும் கேள்வியில்தான். தமிழில் கேள்வி கேட்டால் கடைசி அசையைத் தூக்குவோம், வடசென்னையில் இழுக்கவும் செய்வோம். சீனத்தில் கடைசியைத் தூக்கினால் அந்தச் சொல்லின் தொனியே மாறிவிடும். கேள்விக்கு 'மா' என்ற அசையைக் கடைசியில் சேர்த்துவிட்டு, முன்னால் உள்ள சொற்களை அசைக்காமல் விடுங்கள். நம் 'வந்தான்' என்பதோடு 'ஆ' சேர்ந்து 'வந்தானா' ஆவது போலத்தான் அது.

தனித்தனி அசையைப் பயிற்சி செய்வதில் பலன் குறைவு. இரண்டசைச் சொற்களாகச் செய்யுங்கள். முதல் அசை நாலு தொனியில் ஒன்று, இரண்டாவது நாலு தொனியிலோ தொனியே இல்லாமலோ வரும். மொத்தம் 20 சேர்க்கை. நாளுக்கு ஐந்து சேர்க்கை, ஒவ்வொன்றுக்கும் மூன்று சொல். சீனர் சொன்னதையும் நீங்கள் சொன்னதையும் கைப்பேசியில் பதிந்து அடுத்தடுத்துக் கேளுங்கள். பேசும்போது தெரியாத பிழை கேட்கும்போது தெரியும். மூன்றாம் தொனி இரண்டு தடவை அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாம் தொனியாகும். முதலாளியை அழைக்கும் 'லாவ்பான்' எழுத்தில் 3-3, வாயில் 2-3. இல்லை என்பதைச் சொல்லும் 'பூ4', இன்னொரு நாலாம் தொனிக்கு முன்னால் 'பூ2' ஆகும்.

இலக்கணத்தில் தமிழருக்குக் கிடைக்கும் லாபத்தைச் செயலிகள் சொல்வதே இல்லை. 'நான் நேற்று வாங்கின புத்தகம்' என்பதைச் சீனத்தில் 'வோ3 ட்ஸுவோ2த்ஹியென்1 மாய்3 த ஷூ1' என்கிறார்கள். நான், நேற்று, வாங்கு, -இன, புத்தகம்: வரிசை சொல்லுக்குச் சொல் அப்படியே. ஆங்கிலத்தில் புத்தகத்தை முன்னால் போட்டு மற்றதைப் பின்னால் தொங்கவிட வேண்டும். 'இருக்கா இல்லையா' என்று நாம் கேட்பதுபோல் அவர்கள் 'யோவ் மெய்யோவ்' என்கிறார்கள்; பதிலும் 'இருக்கு' என்பதுபோல் வினைச்சொல்லையே திருப்பிச் சொல்வது. 'சாப்ட்டாச்சா?' என்று நலம் விசாரிப்பதும் அங்கே உண்டு: 'ச்ஹு1 ல மா'. நாளன்னைக்கும் முந்தாநாளும் ஒற்றைச் சொல்தான். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை நாலுக்கும் தனிச் சொல்: கு1கு, தி4தி, ஜியெ3ஜியெ, மெய்4மெய். இவற்றை ஆங்கிலம் வழியே படித்தால் 'மூத்த சகோதரன்' என்று பொருள் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். நோட்டில் நேராக 'அண்ணன்' என்று எழுதிக்கொண்டால் வேலை முடிந்தது.

வினைச்சொல் மட்டும் ஆங்கிலம்போல் நடுவில் வரும், 'நான் சாப்பிடு சோறு' என்று. ஆனால் இடமும் காலமும் வினைக்கு முன்னால், தமிழ்போல. 'நான் சென்னையில் வேலை செய்கிறேன்' என்பதில் சென்னை முன்னால், வேலை பின்னால். சென்னைக்கு அங்கே 'ஜின்நாய்' என்று பெயர்.

இலங்கையின் காலியில் கிடைத்த 1409-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் இருக்கின்றன. கடற்படைத் தலைவர் ஜெங் ஹ கொண்டுவந்து நிறுத்தியது. தமிழும் சீனமும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது புதிய காரியம் அல்ல.

இனி பணம் கைமாறும் இடத்துக்கு வருவோம். நிதானமாகப் படிக்க வேண்டியது எண்கள்தான். சீனத்தில் பெரிய எண்ணின் அலகு 'வான்4', அதாவது பத்தாயிரம். லட்சம் கிடையாது. 10 வான் ஒரு லட்சம், 100 வான் பத்து லட்சம், 1,000 வான் ஒரு கோடி. வான் கணக்கைப் பத்தால் வகுத்தால் லட்சம் வந்துவிடும்: 35 வான் என்றால் மூன்றரை லட்சம். பத்து கோடிக்கு 'யி4' என்று தனி அலகு. இதை மில்லியன் வழியாக மாற்றப் போனால் ஒரு சுழியம் எங்காவது தொலையும். மனக்கணக்கைத் தமிழில் போடுங்கள், விடையைச் சீனத்தில் சொல்லுங்கள், காகிதத்தில் 350,000 என்று மூன்று மூன்று இலக்கமாக எழுதுங்கள். 3,50,000 என்று நம் முறையில் காற்புள்ளி வைத்தால் அங்கே எழுத்துப்பிழையாகத்தான் பார்ப்பார்கள்.

சந்தையில் எடை கேட்டால் 'ஜின்' என்பார்கள். ஒரு ஜின் 500 கிராம். கிலோவுக்கு 'குங்ஜின்'. 12 யுவான் என்று சொன்னதைக் கிலோவுக்கு என்று எடுத்துக்கொண்டால் உண்மை விலை 24. காய்ந்த பழம், கடல் சரக்கு, தேயிலை விசாரிக்கும்போது ஜின்னா குங்ஜின்னா என்று கேட்காமல் அடுத்த பேச்சுக்குப் போகக் கூடாது. தள்ளுபடியும் இப்படித்தான். பலகையில் 8 என்ற எண்ணோடு தள்ளுபடி எழுதியிருந்தால் 8 சதவீதமோ 80 சதவீதமோ குறைவு என்று பொருள் இல்லை. பத்தில் எட்டுப் பங்கைக் கொடுங்கள் என்று பொருள். குறைவது 20 சதவீதம். 9 என்றால் 10 சதவீதம், 8.5 என்றால் 15.

நாலும் பத்தும் தனி ஆபத்து. நாலு 'ஸு4', பத்து 'ஷு2'. குவாங்தோங் மாகாணத்திலும் தெற்கே பல ஊர்களிலும் ஷகரம் ஸகரமாகிவிடும், சிங்கப்பூர்ச் சீனர்கள் பலரிடமும் அப்படியே. அப்போது தொனி மட்டும்தான் வித்தியாசம், புதிதாகக் கற்றவர் காது அதைப் பிடிக்காது. கால்குலேட்டரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். விரலால் காட்டினால் இன்னொரு பள்ளம் உண்டு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விரித்துக் காட்டினால் நமக்கு இரண்டு, அங்கே எட்டு. கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஆறு. இரண்டு ஆள்காட்டி விரலைக் குறுக்கே வைத்தால் பத்து. தொலைபேசி எண் சொல்லும்போது ஒன்றை 'யி' என்று சொல்லாமல் 'யாவ்' என்பார்கள், ஏழுக்கான 'ச்ஹி'யோடு குழம்பாமல் இருக்க. கப்பல் பேச்சில் ஆங்கிலத்துக்கும் இதே எச்சரிக்கை இருக்கிறது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-இல் ஏற்ற வழக்குத் தொடர்களில் எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும். துறைமுகத்துக்குள் சீனக் கப்பலுக்குச் சாமான் ஏற்றுகிறவர்கள் 'ஃபிஃப்டீன்' என்று சொல்லாமல் 'ஒன் ஃபைவ்' என்று பழகினால் பதினைந்து ஐம்பதாகாது.

ஊர்ப் பெயரிலும் தொனி தொலைந்தால் பயணமே தொலையும். குவாங்ஜோ, ஹாங்ஜோ, ஜெங்ஜோ எல்லாம் வேறு வேறு ஊர்கள் என்பது பார்த்தாலே தெரியும். ஆனால் தாய்ஜோ என்று ஆங்கிலத்தில் ஒரே மாதிரி எழுதப்படும் நகரங்கள் இரண்டு இருக்கின்றன, ஒன்று ஜெஜியாங் மாகாணத்தில், மற்றது ஜியாங்ஸுவில். ஃபூஜோவும் ஸூஜோவும் அப்படியே இரண்டிரண்டு. ரயில் டிக்கெட் எடுக்குமுன் வியாபாரி அனுப்பிய முகவரியைச் சீன எழுத்தில் வாங்கி, அந்த எழுத்தையே ஒட்டித் தேடுங்கள்.

எழுத்தைக் கையால் எழுதிக் கற்பதில் தொடக்கத்திலேயே காலம் செலவிட வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம். பின்யினில் தட்டினால் கைப்பேசி எழுத்துகளை வரிசையாகக் காட்டும். சரியானதை அடையாளம் தெரிந்தால் போதும். 2013-இல் சீன அரசு வெளியிட்ட பட்டியலில் 8,105 எழுத்துகள், அதில் அடிப்படையானவை 3,500. அதைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. பெட்டியிலும் பலகையிலும் திரும்பத் திரும்ப வரும் நூறு எழுத்தில் தொடங்கலாம். பகரத்துக்கு மேலே மூடி போட்டதுபோல் ஒரு கட்டம் தெரிந்தால் அது வாய். நுழைவாயில், வெளிவாயில் இரண்டு பலகையிலும் கடைசி எழுத்து அதுதான். இடப்பக்கம் மூன்று துளி இருந்தால் தண்ணீர் சம்பந்தப்பட்ட சொல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். மொத்த எடை, நிகர எடை, உடையும் பொருள், தயாரித்த இடம்: கண்டெய்னர் கிடங்கில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த நாலும் முதல் வாரத்திலேயே கண்ணில் நிற்க வேண்டும். சீனாவிலும் சிங்கப்பூரிலும் எளிமைப்படுத்திய எழுத்து, ஹாங்காங்கிலும் தைவானிலும் பழைய எழுத்து. ஒன்றைத் தேர்ந்து அதிலேயே இருங்கள்.

சாப்பாட்டுக்கு இரண்டு சொல். ஹலால் என்பதற்கு 'ச்ஹிங்1ஜன்1'. கடைப் பலகையில் பச்சை நிறத்தில் அடிக்கடி பார்க்கலாம். சைவத்துக்கு 'ச்ஹு1 ஸூ4'. குழம்பில் மாமிச எண்ணெய் சேரலாம் என்பதால் இறைச்சி வேண்டாம், முட்டை வேண்டாம் என்று தனித்தனியாகவும் சொல்லுங்கள்.

இனி ஆங்கிலம். சென்னையில் நாம் எழுதும் ஆபீஸ் ஆங்கிலம் சீனாவில் பலருக்குப் புரிவதில்லை. 'டூ த நீட்ஃபுல்', 'கைண்ட்லி ரிவர்ட்', 'ப்ரீபோன்', லட்சத்துக்கு 'லேக்' இவற்றை அந்தப் பக்கம் இருப்பவர் மொழிபெயர்ப்புக் கருவியில் போடுவார். 'ரிவர்ட்' அங்கே 'பழைய நிலைக்குத் திரும்பு' என்று மாறிப் போகலாம். ஒரு வரியில் ஒரு விஷயம், ஒரு வினைச்சொல், ஒரு எண். தேதியை 05/06 என்று எழுதாமல் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள், அவர்கள் வழக்கமும் அதுவே. 15 நாள் என்று சொன்னால் வேலை நாளா, நாட்காட்டி நாளா, முன்பணம் சேர்ந்த நாளிலிருந்தா என்று மூன்றையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

அவர்கள் எழுதும் ஆங்கிலத்தையும் சரியாகப் படிக்க வேண்டும். பேச்சுச் சீனத்தில் அவன், அவள், அது மூன்றும் 'த்ஹா1'. அதனால் கடிதத்தில் 'ஹி' என்று இருப்பவர் பெண்ணாக இருக்கலாம். விற்பனைப் பிரிவில் இருப்பவர் 'டியர்' என்று தொடங்கினால் அது கடைக்காரர்கள் வாடிக்கையாளரை அழைக்கும் 'ச்ஹின்1' என்ற சொல்லின் மொழிபெயர்ப்பு, அவ்வளவே. எதிர்மறைக் கேள்விக்கு வரும் 'யெஸ்' இன்னும் முக்கியம். 'இன்னும் அனுப்பலையா?' என்றால் தமிழில் 'ஆமா, அனுப்பல' என்போம், சீனரும் அப்படித்தான். ஆங்கிலத்தில் வெறும் 'யெஸ்' என்றால் அனுப்பிவிட்டேன் என்றாகும். நமக்குள் புரிந்துவிடும், அந்தக் கடிதம் வங்கிக்கோ காப்பீட்டுக்கோ போனால் அர்த்தம் புரண்டுவிடும். எதிர்மறையில் கேட்காமல் 'எந்தத் தேதியில் அனுப்பினீர்கள்?' என்று கேட்டுவிடுங்கள்.

வீசாட் செயலி 2020 ஜூன் முதல் இந்தியாவில் தடையில் இருக்கிறது, வாட்ஸப் சீனாவில் முடக்கத்தில் இருக்கிறது. ஆகவே முக்கியமான பேச்சு எல்லாம் மின்னஞ்சலில் இருக்கட்டும். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். நமக்குக் காலை 9.30 ஆகும்போது அங்கே நண்பகல் 12. சாப்பாடும் அதன் பிறகு குட்டித் தூக்கமும் பல இடங்களில் உண்டு. நம் நேரப்படி காலை 9 மணிக்கு முன்போ 11.30-க்குப் பிறகோ கூப்பிடுங்கள். நம் மாலை 3.30-க்கு அங்கே 6 மணி, அலுவலகம் கலைந்துவிடும்.

கடைசியாகப் பெயர். அங்கே குடும்பப் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். நம் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவோ அப்பா பெயரோடோ இருக்கும். சீனாவிலோ சிங்கப்பூரிலோ முதல் படிவத்தில் எப்படி எழுதினீர்களோ, வங்கி, சிம் கார்டு, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் அதே வரிசை, அதே இடைவெளி. ஒரு எழுத்து மாறினாலும் கணக்கு திறப்பதில் சிக்கல் வரும். கம்பெனிப் பெயரில் இதைவிடக் கவனம் வேண்டும். சீனக் கம்பெனியின் சட்டப்படியான பெயர் சீன எழுத்தில் உள்ளது மட்டுமே. ஆங்கிலப் பெயர் அவர்கள் வசதிக்கு வைத்துக்கொண்டது. முன்பணம் அனுப்புமுன் தொழில் உரிமத்தின் நகலை வாங்குங்கள். அதில் எண்ணும் எழுத்தும் கலந்து 18 இலக்கத்தில் ஒரு குறியீடு இருக்கும். அந்தக் குறியீடு, சீனப் பெயர், ஒப்பந்தத்தில் குத்திய வட்டமான சிவப்பு முத்திரையில் உள்ள பெயர் மூன்றையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பணம் போகும் வங்கிக் கணக்கு அந்தக் கம்பெனி பெயரில் இல்லாமல் தனி ஆள் பெயரில் இருந்தால், காரணம் எழுத்தில் வரும்வரை அனுப்பாதீர்கள்.